ஊர்தியும் ஒலிநயமும்

தோற்றுவாய்

கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துத் திருவள்ளுவர் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஏட்டைக் கையிலெடுக்க இயலாதவனும் செவியால் அறிவு பெறலாம் என்பது அவர் கருத்து. செவி கல்வியின் தலைவாயில்களுள் ஒன்று. அவ்வாயிலைப் பேணுவதும் ஆசிரியன் கடமையேயாம்.

மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். யாமோ மோட்டார் வண்டியில் பொருத்தப்படும் இசைக் கருவியைப் பற்றி எழுத முன்வந்துள்ளோம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை இக்கட்டுரையிலேயே உண்டு. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று வான், பஸ், முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவர். இளைய மாணவர் பலர் அவ்வண்டிகளிலேறி நாள்தோறும் கல்லூரிக்கு வருபவர். இரு திறத்தார்க்கும் இது பயன்படுமாயின் எம் முயற்சி வீண்போகாது.

கட்டுரை எழுந்த வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவனின் சொல்வதெழுதல் ஏட்டைத் திருத்துகையில் ஒரு புதுமையைக் கண்டோம். ‘கச்சை’ என்று யாம் சொல்ல அவன் ‘கட்டை’ என்று எழுதியிருந்தான். ‘மொத்து’ என்றதை ‘மொட்டு’ என்று எழுதியிருந்தான். முதலில் கவனக்குறைவென்றே எண்ணிக் கடிந்துகொண்டோம். பின்னர் ஏட்டைப் புரட்டியபொழுது அப்பிழைகள் யாவும் காலை முதற்பாடத்தில் எழுதப்பட்டவை என்பதும், நண்பகலுக்குப் பின் எழுதியவற்றில் அத்தகைய பிழை அரிதென்பதும் புலனாயின. அவனை அருகழைத்து அன்பாக வினவினோம். “சேர், காலையில வந்ததும் காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி இருக்கும். பிறகு சரியாகிடும்” என்றான்.

தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 நிமிடம் பள்ளி வானில் வருபவன் அவன். கடைசி இருக்கையே அவனுக்கு வாய்த்த இடம். அவ்விருக்கையின் பின்னேதான் தாழ்சுருதி ஒலிபெருக்கிப் பெட்டி, அதாவது சாரதிகள் சப்வூபர் என்று வழங்குவது, வைக்கப்பட்டிருந்தது.

வானின் சாரதியும் எம் பழைய மாணவரே. அவரைக் கண்டு பேசினோம். அவர் மனம் நொந்து சொன்னது இது: “சேர், எண்பதாயிரம் ரூபாவுக்கு மேல போட்டுட்டேன். சத்தம்தான் வருது, பாட்டு வரல்ல. பாட்டுல என்ன சொல் வருதுன்னு எனக்கே விளங்குதில்ல.” கடன்பட்டுச் செய்த செலவு அது. பணமும் போயிற்று; பாட்டும் கிட்டவில்லை; பிள்ளையின் செவியும் இடருற்றது. இம்மூன்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என எமக்குத் தோன்றிற்று. வானொலி திருத்துந் தொழில் கற்ற மற்றொரு பழைய மாணவரைத் துணைக்கழைத்து, பள்ளி விடுமுறையில் மூவருமாக அவ்வண்டியை ஆராய்ந்தோம். அங்கு யாம் கற்றவற்றையே ஈண்டுப் பாடமாகத் தருகின்றோம்.

மலையகத்தாரும் ஒலியும்

மலையகத்தார் ஒலியின் நுட்பம் அறியாதவரல்லர். விடியற்காலையிற் பிரட்டுக்கு ஆளழைக்கத் தப்படித்த காலம் ஒன்றிருந்தது. காமன் கூத்திலே இன்றும் தப்பு முழங்குகின்றது. தப்படிப்பவர் அடிக்குமுன் அதனை நெருப்பிற் காய்ச்சுவதை யாவரும் பார்த்திருப்போம். மலைக்காற்றின் ஈரம் தோலைத் தளர்த்துகின்றது; தளர்ந்த தோல் சுருதி இறங்கி மந்தமாக ஒலிக்கின்றது; சூடு பட்டதும் தோல் இறுகி ஒலி தெளிகின்றது. ஒலியெழுப்பும் பரப்பு செவ்வனே அமையாவிடின் எவ்வளவு ஓங்கி அடிப்பினும் பயனில்லை என்னும் பேருண்மையை அக்கலைஞர் ஏட்டுக்கல்வி இன்றியே அறிந்திருந்தனர். வண்டியின் ஒலிபெருக்கியும் ஒருவகைத் தோற்கருவியே. தோலுக்குப் பதிலாகக் காகிதத்தாலோ பிளாத்திக்காலோ ஆன கூம்பு. கோலுக்குப் பதிலாகக் காந்தத்தினிடையே அசையும் கம்பிச் சுருள்.

அடுத்து வானொலி வந்தது. கொழும்பிலே 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒலிபரப்புச் சேவை தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசப்படையினர் ஏக்கலையில் நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 இல் வர்த்தக சேவையும் உருவாயிற்று. சிற்றலையானது வானின் மேலடுக்கிற் பட்டுத் திரும்பி வருவதாதலின் மலை அதனைத் தடுக்க வல்லதன்று. ஆகவே தமிழகத்தாரும் இலங்கை வானொலியைக் கேட்டு மகிழ்ந்தனர். நம் லயங்களிலும் அது ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளரின் தமிழ் தெளிவாக விளங்கியது. அக்காலத்துப் பெட்டிகளில் இடி போன்ற முழக்கம் இல்லை. ஆயினும் சொல் இருந்தது. இதனை மனத்திற் கொள்க.

மோட்டார் வண்டிக்குரிய வானொலியை விலை குறைத்துப் பரவச் செய்தவர்கள் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துக் கல்வின் சகோதரர். அவர்கள் 1930 இல் வெளியிட்ட கருவிக்கு இட்ட பெயரே மோட்டரோலா என்பது. இரு செவிக்கும் இரு வழியாக ஒலியைப் பிரித்தளிக்கும் ஸ்டீரியோ முறைக்கு ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931 இல் காப்புரிமை கோரினார். பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாப் பேழை 1963 இலும், குறுந்தட்டு 1982 இலும் வந்தன. வண்டியின் உள்வெளிக்கென்றே ஒலியமைப்பை அளந்து வகுக்கலாம் என்பதனைத் தொழிலிற் காட்டியவருள் ஒருவர் அமார் போஸ். வங்காளத்து விடுதலை வீரர் ஒருவரின் மகனாக அமெரிக்காவிற் பிறந்த அவர், பேராசிரியராகவும் விளங்கினார். 1980களின் தொடக்கத்தில் அவர்தம் நிறுவனத்தின் ஒலியமைப்பு கடிலக் வண்டியில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. கருவி பெரிதாயிருத்தல் அன்று, இடத்துக்கேற்ப அமைதலே தலையாயது என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

ஒலியின் இயல்பு

தொல்காப்பியர் பிறப்பியலிலே எழுத்துப் பிறக்கும் முறையை விளக்குகின்றார். உந்தியிலிருந்து எழுங் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறெழுத்தாக ஒலிக்கும் என்பது அதன் சாரம். காற்று ஒன்றே, அது நிலைபெறும் இடமும் உறுப்பின் தொழிலும் வேறுபட ஒலியும் வேறுபடுகின்றது. வண்டிக்கும் இது பொருந்தும். அம்பிளிபயர் தரும் மின் ஒன்றே. ஒலிபெருக்கி நிற்கும் இடமும் சூழ்ந்துள்ள தகடும் இருக்கையும் கண்ணாடியும் அதனை வேறாக்கி விடுகின்றன.

மாந்தர் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள மீடிறன்களைக் கேட்கும். மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வின் எண்ணிக்கை. காற்றில் ஒலி செல்லும் வேகம் கொட்டகலைக் காலைக் குளிரில், 15 பாகை செல்சியஸ் அளவில், செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். வேகத்தை மீடிறனால் வகுக்க அலைநீளம் கிடைக்கும். 50 ஹேர்ட்ஸ் கொண்ட தாழ்சுருதியின் அலைநீளம் 6.8 மீற்றர், 3,400 ஹேர்ட்ஸ் கொண்ட உயர்சுருதியின் அலைநீளம் 10 சென்ரிமீற்றர். முன்னது வானின் நீளத்தையே விஞ்சுவது. ஆதலின் அது எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைச் செவி எளிதில் அறியாது. அடைத்த சிறுவெளியில் அது தானே பெருகவுஞ் செய்யும். பின்னதோ ஒரு முழங்காலால் மறைக்கப்படும். ஓர் இருக்கைத் துணியால் உறிஞ்சப்படும்.

இனித் தமிழுக்கு வருவோம். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த, இடைப்பட்ட மீடிறன்களில் உள்ளது. ச, ட, த முதலிய வல்லின ஒலிகளை ஒன்றினின்றொன்று பிரித்தறியச் செய்யும் கூறுகளோ பெரிதும் 2,000 ஹேர்ட்சுக்கு மேற்பட்டவை, வலுவிலும் மெலிந்தவை. தாழ்சுருதி மிகும்பொழுது அது உயர்சுருதியை மறைத்துவிடும். உயர்சுருதி தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. ஆகவே முழக்கம் மிக மிக, பாட்டிலே உயிர் நிற்கும், மெய் மறையும். “பாட்டில் என்ன சொல் வருகிறதென்று விளங்கவில்லை” என்று எம் மாணவர் கூறியதன் காரணம் இதுவே.

வலுவைப் பற்றிய மயக்கமும் ஒன்றுண்டு. மின்வலுவை இருமடங்காக்கினால் ஒலி இருமடங்காகும் என்றே பலரும் நினைக்கின்றனர். 50 வாற்றை 100 வாற்றாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு அது சிறு மாற்றமே. ஒலி இருமடங்காயிற்று என்று செவி உணர ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு வலு பத்து மடங்காக வேண்டும். ஆகவே வலுவுக்காகச் செலவிடும் பணம் விரைவிற் கரையும். தெளிவுக்காகச் செலவிடுவது நின்று பயன்தரும்.

யாம் கண்ட பழுது

அவ்வண்டியின் முன்கதவுகளில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. அவற்றைக் கழற்றியபொழுது, ஒன்றின் கம்பிகள் நேரும் மறையும் மாறிப் பொருத்தப்பட்டிருக்கக் கண்டோம். ஒரு கூம்பு முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றது பின்னே இழுத்தது. ஒன்று எழுப்பிய தாழ்சுருதியை மற்றது அழித்தது. கதவிலிருந்து தாழ்சுருதி வாராமையினால், கருவி போதாதென எண்ணி அவர் பெரிய பெட்டியை வாங்கினார். பெட்டியின் முழக்கம் சொல்லை மறைத்தமையினால் சத்தத்தைக் கூட்டினார். கூட்டிய சத்தம் கடைசி இருக்கைப் பிள்ளையின் செவியைத் தாக்கிற்று. இரண்டு கம்பி இடமாறிய பிழை எண்பதாயிரம் ரூபாச் செலவாக வளர்ந்த கதை இதுதான். பொருத்திய கடைக்காரரைப் பழித்து யாதும் பயனில்லை. சோதித்துப் பாராது வாங்கியதும் பிழையே.

இதனைச் சோதிக்கும் வழி மிக எளிது. செட்டிலிருந்து கம்பியைக் கழற்றி, 1.5 வோல்ற்று உலர்மின்கலம் ஒன்றின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையிலும், மறைமுனையை மறைமுனையிலும் ஒரு கணம் தொட்டெடுத்தல் வேண்டும். கூம்பு வெளிநோக்கி அசையுமாயின் குறி சரியானது. எல்லா ஒலிபெருக்கிகளையும் இவ்வாறு சோதித்து ஒரே முறையிற் பொருத்துக. செலவு ஒரு மின்கலத்தின் விலையே.

திருத்தும் முறை

முதலாவது, வண்டியை அமைதியாக்குதல். இசையை உயர்த்துமுன் இரைச்சலைத் தாழ்த்துக. ஆடும் இலக்கத் தகடு, தளர்ந்த கதவுப் பலகை, இருக்கைக்கடியில் உருளும் திறப்பு, கிழிந்த கதவு இறப்பர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி இறுக்குக. ஹற்றனிலிருந்து தலவாக்கலை செல்லும் பாதையில் வளைவும் ஏற்றமும் மிகுதி; எஞ்சின் இரைச்சல் ஓய்வதில்லை. இரைச்சல் குறைந்த வண்டியில் சிறு ஒலியும் நன்கு கேட்கும்.

இரண்டாவது, கதவைச் சீர்செய்தல். கூம்பு முன்னே எழுப்பும் அலையும் பின்னே எழுப்பும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கதவின் உட்தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியே பின்னலை வந்து முன்னலையைச் சேருமாயின் தாழ்சுருதி அழியும். ஆகவே உட்தகட்டின் ஓட்டைகளை ஒட்டுந் தகடுகொண்டு மூடி, வெளித்தகட்டின் உட்புறத்தில் அதிர்வடக்கும் இறப்பர்ப் படலம் ஒட்டுதல் நன்று. ஒலிபெருக்கியின் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளி இருத்தலாகாது. ஈண்டு ஓர் எச்சரிக்கை: கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை ஒருபோதும் அடைத்தலாகாது. கண்ணாடி வழியே மழைநீர் கதவினுட் புகுவது இயல்பு. நம் மலையிலே மழைக்குக் குறைவில்லை. துளையை அடைத்தால் கதவு துருப்பிடித்து உக்கும். ஒலிபெருக்கியும் நனைந்து கெடும்.

மூன்றாவது, மின்வழி. எஞ்சின் ஓடாதபொழுது நல்ல பெற்றறி ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும். ஓடும்பொழுது 14 வோல்ற்று அளவில் நிற்கும். 240 வாற்று இழுக்கும் கருவிக்கு 12 வோல்ற்றில் 20 அம்பியர் மின் பாய்தல் வேண்டும். மெல்லிய கம்பியில் அது பாயுமாயின் கம்பி சூடாகும், ஒலியும் தளரும். தடித்த செப்புக் கம்பியையே இடுக. பெற்றறியிலிருந்து புறப்படும் கம்பியில், பெற்றறிக்கு மிக அருகே பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். அஃதின்றேல் கம்பி உராய்ந்து தகட்டிற் படும்பொழுது வண்டியே தீப்பற்றும். எர்த் கம்பியைப் பூச்சுச் சுரண்டிய வெறுந் தகட்டில் இறுக்கமாகப் பூட்டுக. எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் கீச்சொலி கேட்குமாயின் எர்த் பழுதென்று ஐயுறுக. பாட்டைக் கொண்டுசெல்லும் கம்பியையும் மின்னைக் கொண்டுசெல்லும் கம்பியையும் ஒரே பக்கமாக இழுக்காது, வண்டியின் இரு பக்கமாகப் பிரித்து விடுக.

நான்காவது, அளவறிந்து கூட்டுதல். செட்டின் முகத்தில் 50 வாற்று, நான்கு வழி என்று பொறித்திருப்பர். அது கணநேர உச்சியின் அளவு. தொடர்ந்து தருவது அதனிற் பாதிக்கும் குறைவே. அதற்கு மேற் கேட்பின் அலையின் முடி தட்டையாக வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். சிறிய உயர்சுருதி ஒலிபெருக்கி எரிந்துபோகவுங் கூடும். அம்பிளிபயர் தனியே இருப்பின், தெளிவான பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, தாழ்சுருதி உயர்சுருதிக் குமிழ்களை நடுவில் நிறுத்தி, செட்டின் ஒலியை முக்காற்பங்கில் வைத்து, அம்பிளிபயரின் குமிழை அடியிலிருந்து மெல்ல உயர்த்துக. கரகரப்புத் தோன்றுமிடத்தில் நின்று சற்றே பின்வாங்குக. அதுவே அதன் எல்லை. கைப்பேசியிலிருந்து பாடவிடுவோர் கைப்பேசியின் ஒலியை உச்சிக்கு அண்மையில் வைத்து, செட்டிலே கூட்டிக் குறைப்பது நன்று.

ஐந்தாவது, பங்கிடுதல். பெரியவன் சுமையைச் சிறியவன் தலையில் ஏற்றலாகாது. கதவிலுள்ள சிறு ஒலிபெருக்கிக்கு 80 ஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்டவை செல்லாதவாறும், தாழ்சுருதிப் பெட்டிக்கு அதற்கு மேற்பட்டவை செல்லாதவாறும் பிரித்துவிடும் வசதி இக்காலச் செட்டுக்கள் பலவற்றில் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே. இதனைச் செய்த அளவிலே கதவின் ஒலிபெருக்கிகள் பாரம் இறங்கினாற்போலத் தெளிவாகப் பாடின. பின்னர் மீடிறன் குமிழ்களைத் திருத்துமிடத்து, கூட்டுவதினும் குறைப்பதே நெறி. 100 முதல் 250 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றுத் தாழ்த்தினால் பானைக்குள் பேசுவது போன்ற மந்தம் நீங்கும்.

ஆறாவது, காலம். சாரதி வலப்பக்கம் அமர்பவர். வலக்கதவு அவர்க்கு 80 சென்ரிமீற்றர் தொலைவிலும் இடக்கதவு 140 சென்ரிமீற்றர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். வித்தியாசம் 60 சென்ரிமீற்றர். 0.6 ஐ 340 ஆல் வகுக்க, இடப்பக்க ஒலி ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் 1.8 பங்கு பிந்தி வருகின்றது என்பது பெறப்படும். அதனாலேயே பாடகர் வலக்கதவினுள் அமர்ந்து பாடுவதுபோலத் தோன்றுகின்றது. வலப்பக்கத்தை அவ்வளவு தாமதப்படுத்தும் வசதி செட்டில் இருப்பின் பாடகர் கண்முன்னே வந்து நிற்பார். ஆயின் இது ஒருவர் செவிக்குரிய திருத்தம். பலர் ஏறும் வண்டிக்கு இன்றியமையாததன்று.

ஏழாவது, மூலம். ஊற்று கலங்கின் ஆறு தெளியாது. குறுந்தட்டில் ஒலி செக்கனுக்கு 44,100 தடவை அளந்து பதியப்படுகின்றது. கைப்பேசியிலே பலர்வழிச் சுருங்கிச் சுருங்கி வந்த பாட்டில் முதலிற் கெடுவது மேற்பகுதியின் நுண்மையே. 128 கிலோபிற்று அளவிற் சுருக்கியதை விட 320 அளவிற் சுருக்கியது மேல். பண்பலை வானொலி நேர்கோட்டிற் செல்வது. மலை குறுக்கிட்டால் மெலியும், பாறையிற் பட்ட எதிரலையோடு மோதிக் கலங்கும். ஸ்டீரியோவுக்கு வலுவான அலை வேண்டும். ஆகவே பள்ளத்தாக்கில் இரைச்சல் மிகின், ஒற்றை வழி ஒலிக்கு மாற்றினால் இரைச்சல் தணியும். 100 மெகாஹேர்ட்ஸ் அளவுக்கு அலைநீளம் 3 மீற்றர். அதனிற் காற்பங்கான 75 சென்ரிமீற்றர் நீளமுள்ள கம்பியே அன்ரெனாவுக்கு ஏற்றது. அதன் அடியில் துரு ஏறாது காக்க.

செவிக்காப்பு

இனி இப்பாடத்தின் உயிர்நிலையைச் சொல்வோம். பெருமுழக்கத்தில் நெடுநேரம் இருந்த செவி சில மணி நேரம் மந்தமாகும், இரைச்சலும் கேட்கும். அம்மந்தம் பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸ் அளவிலேயே முதலில் தோன்றுகின்றது. வல்லின மெய்களைப் பிரித்தறிய உதவும் பகுதியும் அதனைச் சார்ந்ததே. எம் மாணவன் காலையில் ‘கச்சை’யைக் ‘கட்டை’ என்றெழுதி மாலையில் திருத்தமாக எழுதியதற்குக் காரணம் அதுவாகலாம் என ஐயுற்றோம். மந்தம் மீண்டும் மீண்டும் நேருமாயின், உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்து குறை நிலைத்துவிடும். அக்கலங்கள் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை.

தொழிலாளர் செவியைக் காக்க அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த அளவு இது: 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் கூடுந்தோறும் காலம் பாதியாகும். 88 இல் 4 மணி, 91 இல் 2 மணி, 94 இல் 1 மணி, 97 இல் அரை மணி, 100 இல் கால் மணி. இவை வளர்ந்தோர்க்குரியவை. கருவிவழி இசை கேட்குஞ் சிறுவர்க்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்னும் தாழ்ந்த அளவையே உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கடைசி இருக்கையில் கைப்பேசி ஒலிமானி காட்டியது 97. அக்கருவி துல்லியமானதன்று, ஆயினும் 50 நிமிடப் பயணத்துக்கு அது ஏற்றதன்று என்பதை உணர அதுவே போதியதாயிற்று.

கருவி இல்லாதோர்க்கும் ஓர் அளவுகோல் உண்டு. கை நீட்டும் தொலைவில் இருப்பவரோடு குரலை உயர்த்தாது பேச முடிகின்றதா என்று பார்க்க. முடியாதாயின் ஒலி மிகுந்துவிட்டது. சாரதிக்கு இது மேலும் வேண்டற்பாலது. மூடுபனியில் வளைவுக்கப்பால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் ஒலியும், கடவையை நெருங்கும் புகையிரதத்தின் ஊதலும் கண்ணுக்கு முன்னே செவிக்கே எட்டுகின்றன. அவற்றைக் கேளாதபடி செய்யும் இசை இசையன்று.

பிறர் செவிக்கும் உரிமை உண்டு. ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிய வழக்கொன்றில் 2007 நவம்பரில் நம் நாட்டு உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று பணித்தது. விருப்பமின்றிக் கேட்குமாறு ஒருவரை வற்புறுத்துவது தகாது என்னும் கருத்து வண்டியிலேறும் பயணிக்கும் பொருந்தும்.

முடிவுரை

அவ்வண்டியில் முடிவாகச் செய்தவை இவை. மாறிய கம்பிகளை மாற்றிப் பொருத்தினோம். கதவின் ஓட்டைகளை மூடினோம். பெரிய பெட்டியைச் சாரதி விற்றுவிட்டார். வந்த பணத்திற் சிறு பங்கைக் கொண்டு முன்கதவுகளுக்கு நல்ல ஒலிபெருக்கிகள் இரண்டு வாங்கினார். எஞ்சியது கடனை ஓரளவு தீர்த்தது. பிள்ளைகள் ஏறியிருக்கையில் ஒலி இவ்வளவைத் தாண்டலாகாது என்று குமிழருகே ஒரு கோடும் கிழித்து வைத்தார். அக்கோட்டை யாம் சொல்லி அவர் கிழிக்கவில்லை, தாமாகவே கிழித்தார்.

மாணவனை வைத்தியரிடம் காட்டினர் பெற்றோர். நிலைத்த குறை இல்லை என்று தெரிந்து யாவரும் ஆறுதலடைந்தோம். அடுத்த தவணையில் அவனது காலை ஏட்டிலும் மாலை ஏட்டிலும் வேறுபாடு காணப்படவில்லை. கவனக்குறைவென்று அவனைக் கடிந்த நாளை நினைந்து யாம் வருந்துகின்றோம். பிழை செய்த பிள்ளையைத் திருத்துமுன், அப்பிழை எவ்வழி வந்தது என்று ஆராய்தல் ஆசிரியனுக்கு அறம் என்பதை அவனே எமக்குக் கற்பித்தான்.

சில வாரங்களின் பின் அவ்வானிலே ஒரு நாள் கொட்டகலையிலிருந்து பத்தனை வரை சென்றோம். மழை பெய்துகொண்டிருந்தது. பழைய பாட்டொன்று மெல்ல ஒலித்தது. சொல் ஒவ்வொன்றும் விளங்கிற்று. பின்னிருக்கைப் பிள்ளைகள் அதனோடு சேர்ந்து பாடினர். சாரதி எம்மைத் திரும்பிப் பார்த்து, “இப்பத்தான் சேர் பாட்டு வருது” என்றார்.

வண்டி வைத்திருக்கும் பழைய மாணவரே, பணத்தைக் கொட்டுமுன் ஒரு மின்கலத்தை வாங்கிக் கம்பியைச் சோதியுங்கள். இளைய மாணவரே, காதில் இரைச்சல் கேட்பின் நாணாது ஆசிரியரிடம் கூறுங்கள். ஆசிரிய நண்பரே, காலை ஏட்டையும் மாலை ஏட்டையும் ஒப்புநோக்குங்கள். விழாக் காணும் நம் கல்லூரி, கேட்கத் தக்கதைக் கேட்கும் செவியும், சொல்லத் தக்கதைச் சொல்லும் நாவும் உடைய மாணாக்கரைப் பெற்று நீடு வாழ்க.